மடக்குப் படகின் நடுமூட்டு இறங்க மறுக்கிறது: சட்டம் நீளமா, தோல் குட்டையா?

கேள்வி

வணக்கம். மியூனிக் நகரில் வசிக்கிறேன். இருவர் அமர்ந்து துடுப்புப் போடக்கூடிய பழைய மடக்குக் கயாக் ஒன்றைப் போன மாதம் ஒரு பெரியவரிடமிருந்து வாங்கினேன். நீளம் 5.20 மீட்டர். சட்டம் முழுவதும் மரம். அதன் மேல் போர்த்தும் உறையைத்தான் தோல் என்கிறேன்: அதன் அடிப்பகுதி ரப்பர், மேல்துணி பருத்திக் கான்வாஸ். இரு பக்கவாட்டிலும் தோலுக்கு உட்புறமாக நீளமான காற்றுக்குழாய்கள் ஓடுகின்றன. கையேடு இல்லாததால், அவர் வாய்மொழியாகச் சொன்னவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு, கடந்த ஞாயிறு காலையில் ரயிலில் ஸ்டார்ன்பெர்க் வரை கொண்டுபோய் ஏரிக்கரையில் பூட்டிப் பார்த்தேன்.

முன்பாதிச் சட்டத்தையும் பின்பாதிச் சட்டத்தையும் தனித்தனியே கோத்து, தோலின் இரு முனைகளிலும் செருகியாகிவிட்டது. இரண்டு பாதிகளும் நடுவில் கூரை முகடு போல உயர்ந்து நின்று சந்திக்கின்றன. அங்குள்ள கொக்கியை மாட்டி முகட்டைக் கீழே அழுத்தினால் அது தரையோடு படிந்து, தோல் விறைப்பாகிவிட வேண்டும் என்பது அவர் சொன்ன முறை. எனக்கோ முகடு 25 சென்டிமீட்டர் உயரத்திலேயே நின்றுவிட்டது. நானும் மனைவியும் சேர்ந்து அழுத்திப் பார்த்தோம். ஒரு குறுக்குச் சட்டம் முனகியது, பயந்துபோய் விட்டுவிட்டேன். பழைய தோல் நிரந்தரமாகச் சுருங்கிவிட்டதா? அப்படியானால் வாங்கிய பணம் தண்ணீரில் போட்டதாகிவிடுமே என்று கவலையாக இருக்கிறது.

பதில் 1

என்னுடைய அலுமினியச் சட்டப் படகில் இதே சிக்கல் வந்தபோது, முனைகளில் சோப்புத் தண்ணீர் தடவி, காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தேன், இறங்கிவிட்டது. முயன்று பாருங்கள்.

பதில் 2

முந்தைய பதிலில் உள்ள சோப்புத் தண்ணீரை ஏற்கலாம். மிதிப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அலுமினியக் குழாய் வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம், இந்த மரம் பிளந்தால் போனது போனதுதான். அது முனகியபோது நீங்கள் கையை எடுத்தது சரியான முடிவு.

முதலில் உங்கள் அச்சத்தைக் கணக்கால் தீர்த்துவிடுகிறேன். ஒவ்வொரு பாதியும் தோராயமாக 2.6 மீட்டர். நடுமுகடு 25 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும்போது, ஒவ்வொரு பாதியும் ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணமாக நிற்கிறது. பள்ளியில் படித்த பிதாகரஸ் கணக்கைப் போட்டுப் பார்த்தால், இரு பாதிகளையும் சேர்த்துக் குறைகிற நீளம் ஏறக்குறைய 2.4 சென்டிமீட்டர். அதாவது, பார்வைக்கு ஒரு முழம் போலத் தெரிகிற இந்த இடைவெளிக்குப் பின்னால் இருப்பது இரண்டு விரல் அகலத்துக்கும் குறைவான பற்றாக்குறைதான். அதே கணக்கில், முகடு 10 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டால் மீதமிருப்பது வெறும் 4 மில்லிமீட்டர். அந்தக் கடைசிப் பகுதியில் நெம்புவிசை பல மடங்கு பெருகிவிடும் என்பதால், உள்ளங்கையால் அழுத்தினாலே போதும். எனவே 25 சென்டிமீட்டரில் நிற்கும் முகட்டைப் பலத்தால் இறக்க முயல்வதை விட்டுவிட்டு, அந்த 2.4 சென்டிமீட்டர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதே வழி. உயரத்தை அளவுகோல் வைத்து அளந்து சொன்னதற்கு நன்றி. பெரும்பாலோர் "கொஞ்சம் உயரமாக நிற்கிறது" என்றுதான் எழுதுவார்கள்.

மூன்று விவரங்கள் வேண்டும். காற்றுக்குழாய்களின் வால்வுகள் திறந்திருந்தனவா, மூடியிருந்தனவா? மேல்துணி உலர்ந்திருந்ததா? முனைகள் உண்மையாகவே முனை வரை போய்ச் சேர்ந்தனவா என்று கையை உள்ளே விட்டுப் பார்த்தீர்களா?

கேட்டவர்

குழாய்களில் காற்று இல்லை. ஆனால் உள்ளே மண் போகாமலிருக்க வால்வுகளை மூடி வைத்திருந்தேன். மேல்துணியைப் பொறுத்தவரை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நிலவறையில் கிடந்த நாற்றம் போகட்டும் என்று சனிக்கிழமை மாலை குழாய் நீரால் நன்றாகக் கழுவி, ஈரம் முழுவதும் காயுமுன்பே மடித்துப் பையில் வைத்தேன். முனைகளைக் கையால் தொட்டுப் பார்க்கவில்லை.

பதில் 2

பாதி விடை அதிலேயே இருக்கிறது. பருத்தி நூல் நனைந்தால் பருக்கும். நூல் பருத்தால் நெய்த துணி நீளவாட்டில் சுருங்கும். படகு நீரில் இருக்கும்போது இந்தக் குணம் வரம், ஏனெனில் நெசவின் துளைகள் அடைபட்டு மேலிருந்து தெறிக்கும் நீர் உள்ளே வராது. பூட்டும்போது அதுவே சாபம். ரப்பரும் குளிரில் விறைத்துக்கொள்ளும். ஆகவே தோலை விரித்து, மேல்துணி மேலே இருக்குமாறு ஒரு மணி நேரமாவது வெயிலில் போட்டுவையுங்கள். வால்வுகளைத் திறந்தே வையுங்கள். மூடிய குழாயில் தங்கிய சிறிதளவு காற்றுகூட, சட்டம் உள்ளே வரும்போது போக வழியின்றித் தோலைப் பக்கவாட்டில் பிதுக்கி, நீளத்தைத் தின்றுவிடும்.

பதில் 3

நாகப்பட்டினம் பக்கத்துக்காரன் என்பதால் ஒரு சிறு குறுக்கீடு. முனை, நடு, குறுக்குச் சட்டம் என்று எழுதுவதைவிட அணியம் (முன்), அமரம் (பின்), ஏரா (அடிக்கட்டை), வங்கு (விலாச்சட்டம்) என்று எழுதினால் யார் எந்தப் பக்கத்தைச் சொல்கிறார் என்பதில் குழப்பம் வராது. இச்சொற்கள் எங்கள் கரையில் இன்றும் புழங்குபவை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அமரத்தைச் சோதியுங்கள். சுக்கான் பொருத்தும் இடத்தில் தோல் உட்புறம் தடித்திருக்கும். அமரக்கட்டை அந்தத் தடிப்பின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால், வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும். அத்துடன், தோலின் அடியில் ஓடும் ரப்பர்ப் பட்டை ஏராவுக்கு நேர் கீழே இருக்கிறதா என்று இரு முனைகளிலும் குனிந்து பாருங்கள். பட்டை ஒரு பக்கம் திருகியிருந்தால் தோல் முறுக்கிக்கொண்டு குட்டையாகும். வங்குகளில் எண்கள் இருந்தால் அவற்றையும் சரிபாருங்கள். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் உரியவை பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்.

கேட்டவர்

அடுத்த வார இறுதியில் முயல்கிறேன். இன்னொரு ஐயம்: இப்படி நடுவில் ஒரே மூட்டை நம்பி நிற்கும் படகில் ஏரியின் நடுப்பகுதிக்குப் போவது பாதுகாப்பானதா?

பதில் 2

மூட்டைப் பற்றிய அச்சம் வேண்டாம். உங்கள் நகரத்துக்கே உரிய கண்டுபிடிப்பு இது. மியூனிக்கில் கட்டடக்கலை படித்த ஆல்ஃபிரட் ஹாய்ரிச் 1905-இல் இத்தகைய படகைச் செய்து ஈசார் ஆற்றில் ஓட்டினார். ரோசன்ஹைம் தையற்காரர் யோஹான் கிளெப்பர் 1907-இல் அதன் உரிமத்தை வாங்கினார். ரயிலில் கொண்டுபோக வேண்டும் என்பதற்காகவே ஏரா துண்டுகளாயிற்று. ஹான்னஸ் லிண்டமன் என்ற மருத்துவர் 1956-இல் ஏறத்தாழ உங்கள் படகின் நீளமே உள்ள ஒரு மடக்குப் படகில் கேனரித் தீவுகளிலிருந்து அட்லாண்டிக்கைத் தனியாக 72 நாட்களில் கடந்தார். வழியில் படகு கவிழ்ந்ததுண்டு, உடைந்து போகவில்லை. மூட்டு இறங்கிப் படிந்த பிறகு இறுகிய தோலே அதை மேலெழ விடாது. வசந்த காலத்து ஏரித் தண்ணீர் கடுங்குளிராக இருக்கும் என்பதுதான் உண்மையான ஆபத்து. மிதவை அங்கி இல்லாமல் இறங்காதீர்கள், கரையை ஒட்டியே செல்லுங்கள்.

கேட்டவர்

நேற்றுப் போய்வந்தோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தோலை வெயிலில் ஒன்றேகால் மணி நேரம் காயவிட்டு, வால்வுகளைத் திறந்துவிட்டுச் சட்டங்களைச் செருகினேன். முகடு 17 சென்டிமீட்டருக்கு வந்தது. பிறகு தோள்வரை கையை அமரத்துக்குள் விட்டுத் துழாவினேன். கட்டையின் இடப்புறம் தோல் ஒரு மடிப்பாகச் சுருண்டு, கட்டை அந்தத் தடிப்பின் விளிம்பில் சாய்ந்து நின்றது விரலுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மனைவி வெளியிலிருந்து தோலைப் பின்னால் இழுத்துப் பிடிக்க, நான் கட்டையைச் சற்றுத் தூக்கி அசைத்தேன். "லொடக்" என்று இறங்கியது. திரும்பி வந்து அளந்தால் முகடு 9 சென்டிமீட்டர். உள்ளங்கையால் அழுத்தினேன், படிந்துவிட்டது. மடிந்து தொங்கிய மேல்துணி ஒரே நொடியில் மத்தளம் போல இறுகியதைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற சிறுவன் கைதட்டினான். கடைசியாகக் குழாய்களை வாயால் ஊதி நிரப்பினோம். வங்குகள் எல்லாம் நலம். முனகியதில் ஒரு கீறல்கூட இல்லை.

பதில் 3

மகிழ்ச்சி. கழற்றும்போது முதலில் குழாய்களின் காற்றை விடுங்கள், அதன்பின் முகட்டை மேலே இழுங்கள். முறையை மாற்றினால் இதே போராட்டம் தலைகீழாக நடக்கும். மூட்டுகளில் மணல் இருந்தால் தூரிகையால் தட்டிவிடுங்கள். இந்த முறையாவது துணி நன்றாகக் காயும் வரை பொறுத்திருந்து மடியுங்கள்.