நம்டு தாத்தா குடும்பம்: பெட்டி விஷயம்

முருகேசன்: தாத்தாவின் இரும்புப் பெட்டியை யார் திறந்தது? பூட்டு உடைந்து கிடக்கிறதாம்.

செல்வி: நான்தான். பதினாறாம் நாள் காரியத்துக்கு மூன்று தலைமுறைப் பெயர் வேண்டும் என்றார் குருக்கள். பழைய காகிதமெல்லாம் அதில்தானே இருக்கிறது.

முருகேசன்: ரங்கூனிலிருந்து நான் வரும்வரை பொறுத்திருக்கலாம்.

பாபு: உள்ளே தங்கமாமே

ராணி: யார் சொன்னது?

பாபு: மோல்மீன் மார்க்கெட்டில் மீன்காரம்மா வரைக்கும் தெரியும்

செல்வி: [படம்]

செல்வி: மஞ்சளாகப் பளபளப்பது ஒன்று, எல்லாப் பக்கமும் சதுரம். ஈய நிறத்தில் இன்னொன்று, சின்னதுதான், ஆனால் என்ன கனம்!

முருகேசன்: அக்கா, கை வைக்காதே. பங்கு பேசிய பிறகு பார்ப்போம்.

ராணி: பங்கா? நிலம் விற்றபோது பேசினோமே, அந்த மாதிரியா?

முருகேசன்: அண்ணி, அதை இப்போது எடுக்காதீர்கள்.

கதிர்: அத்தை, மஞ்சள் கல் தங்கம் இல்லை, பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. சந்தேகம் இருந்தால் பீங்கான் கிண்ணத்தின் அடியில் மெருகு இல்லாத வளையம் இருக்குமே, அதில் தேய்த்துப் பாருங்கள். தங்கம் என்றால் மஞ்சள் கோடு விழும், பைரைட் கரும்பச்சையாகக் கோடு போடும். தங்கம் தண்ணீரைப் போல 19.3 மடங்கு கனம், இது வெறும் 5 மடங்கு. மற்றது கலீனா, ஈயமும் கந்தகமும். தாத்தா வேலை பார்த்த, நம்டு பக்கத்துப் பாட்வின் சுரங்கத்துத் தாதுவே அதுதான். தொட்டால் கையைக் கழுவுங்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

பாபு: வாத்தியார் வந்துவிட்டார்

முருகேசன்: அந்தத் தாதுவில் வெள்ளி உண்டு என்று தாத்தா சொல்வாரே.

கதிர்: உண்டு சித்தப்பா. சீனர்கள் அந்தக் காலத்திலேயே வெள்ளிக்காகத்தான் அங்கே தோண்டினார்கள். பிற்பாடு சுரங்கத்தைப் பெரிதாக்கியவர்களில் ஹெர்பர்ட் ஹூவர் ஒருவர், 1929இல் அமெரிக்க அதிபரானாரே, அவரேதான். ஆனால் ஒரு கட்டியை உருக்கி யாரும் வீடு கட்ட முடியாது.

ராணி: நம்டு குட்டி ரயிலில் என்னை ஒரு தடவை கூட்டிப் போனார் மாமா. வழியெல்லாம் வாந்தி.

பாபு: 😂

ராணி: எங்கள் அப்பா வைத்தியத்துக்கு லிங்கம், தாளகம், மனோசிலை வைத்திருப்பார். எல்லாம் கந்தகச் சரக்கு என்பார். இதுவும் அந்த இனமா கதிர்?

கதிர்: அதே இனம்தான் பெரியம்மா. லிங்கத்தில் பாதரசமும் கந்தகமும், மற்ற இரண்டிலும் ஆர்செனிக்கும் கந்தகமும். இவையெல்லாம் சல்பைடு. ஆனால் கந்தகம் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே பிரிவில் வைக்க மாட்டார்கள். அது எந்த நிலையில், எதோடு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். எதோடும் சேராமல் தனியாக இருந்தால் தங்கம், வெள்ளியோடு சேர்த்துத் தனிமங்களில். உலோகத்தோடு நேராகச் சேர்ந்தால் சல்பைடு. கந்தகத்தைச் சுற்றி நான்கு ஆக்ஸிஜன் இருந்தால் சல்பேட்: ஜிப்சம், படிகாரம், மயில்துத்தம், அன்னபேதி எல்லாம் அங்கே. கனிமங்களுக்கு ஸ்ட்ரன்ஸ் என்பவர் போட்ட வரிசையில் சல்பைடு 2ஆம் வகுப்பு, சல்பேட் 7ஆம் வகுப்பு.

பாபு: புரிந்தது மச்சான். முருகேசன் மாமா தனியாக இருந்தால் ஒரு ஆள், கீதா அத்தை பக்கத்தில் இருந்தால் வேறு வகுப்பு

முருகேசன்: உன் வயதுக்குத் தகுந்த மாதிரி பேசு.

செல்வி: டேய் பாபு

முருகேசன்: அது கிடக்கட்டும். ரத்தினச் சுரங்க ஊரான மொகோக்கில் வாங்கிய நீலக்கல் மோதிரம் பெட்டியில் இருக்கிறதா?

கதிர்: அந்த லாபிஸ் கல்லா? அதன் நீலமும் கந்தகத்தால் வருவதுதான். ஆனால் கட்டமைப்பு சிலிக்கேட், அதாவது சிலிக்கனும் ஆக்ஸிஜனும் சேர்ந்தது என்பதால் 9ஆம் வகுப்பில்

முருகேசன்: வகுப்பைக் கேட்கவில்லை தம்பி. மோதிரம் எங்கே?

செல்வி: இல்லை.

ராணி: மாமி போனபோதே யாரோ எடுத்தாகிவிட்டது.

முருகேசன்: யாரோ என்றால்?

செல்வி: கொஞ்சம் இருங்கள். மஞ்சள் கல்லுக்குக் கீழே வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. ஒரு மாதிரி வாடை. அடியில் இருந்த காகிதம் தொட்டாலே உதிர்கிறது.

கதிர்: அத்தை, காகிதத்தையெல்லாம் உடனே வெளியே எடுங்கள்! பைரைட் நம் ஊர் மழைக்கால ஈரத்தில் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போகும். அந்தப் பொடி இரும்பு சல்பேட், அன்னபேதி வகை. கூடவே கந்தக அமிலமும் உண்டாகும், அதுதான் காகிதத்தைத் தின்கிறது. மியூசியங்களிலேயே இப்படிப் பெயர்ச்சீட்டெல்லாம் அரித்துப் போயிருக்கிறது. கல்லைத் தண்ணீரில் கழுவாதீர்கள், காய்ந்த டப்பாவில் தனியாகப் போடுங்கள்.

முருகேசன்: வீட்டுப் பத்திரம்???

செல்வி: பத்திரம் மேலே பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. ஓரம்தான் பழுப்பு. உதிர்வது என்னவோ ரசீதுகள்.

ராணி: பெயர் எழுதிய காகிதம்?

செல்வி: அதைத்தான் தேடுகிறேன். கரண்ட் போய்விட்டது.

முருகேசன்: பத்திரத்தை யாரும் கொண்டுபோக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

ராணி: அதுவரை எங்கள் அலமாரியில் இருக்கட்டுமே.

முருகேசன்: அலமாரி வேண்டாம்.

பாபு: அந்தப் பைரைட்டை யாரும் கேட்காவிட்டால் எனக்கு

கதிர்: எனக்கும் ஒரு கண் இருக்கிறது.

ராணி: காரியத்துக்கு எத்தனை பேருக்குச் சமையல் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. சமையல்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

கீதா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராணி: கீதா, என்ன எழுதினாய்? மோதிரம் பற்றியா?

கீதா: இல்லை அக்கா. எங்கள் பக்கம் பன்னிரண்டு பேர். இரண்டு பேருக்கு வெங்காயம் ஆகாது.