புரட்டாசி முடிந்த பிறகும் மீன் வாங்கவில்லை

முத்துநகர்:

எங்கள் ஊர் தூத்துக்குடி. காலை ஏழு மணிக்கு மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கி, "சாளை இருக்கு, நெத்திலி இருக்கு" என்று குரல் கொடுத்தால்தான் எங்கள் தெருவுக்கே விடியும். இந்த ஊரில் இருந்துகொண்டு நான் சைவத்துக்கு மாறியது பக்தியால் இல்லை, கால் பெருவிரலால். ஒரு நாள் ராத்திரி அது தக்காளிப் பழம் மாதிரி வீங்கிவிட்டது. போர்வை உரசினால்கூட உயிர் போயிற்று. ரத்தத்தில் யூரிக் அமிலம் 8.9, அளவுக்கு மேல். "சாளை, நெத்திலி, ஆட்டு ஈரல் எல்லாத்தையும் நிறுத்திப் பாருங்க" என்றார் டாக்டர். அப்போது ஆவணிக் கடைசி. புரட்டாசி பிறந்தால் எப்படியும் வீட்டில் கவுச்சி கிடையாது, சரி, அதோடு சேர்த்து ஆரம்பிப்போம் என்று நினைத்தேன். இப்போது 14 மாதம் ஆகிறது.

புரட்டாசி சுலபமாகப் போய்விட்டது. வீட்டில் யாருமே சாப்பிடாதபோது நமக்கென்ன? ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமைதான் சோதனை. எதிர் வீட்டில் சீலா மீன் வறுக்கிறார்கள், எனக்கு முன்னால் தயிர்ச்சோறு. அம்மா வேறு, "துண்டை எடுத்துட்டேன், குழம்பை மட்டும் ஊத்திக்கோயேன்" என்கிறாள். அவள் கணக்கில் மீன் என்பது துண்டு மட்டும்தான்.

ஆனால் வாசனையைவிடப் பெரிய சிக்கல் நானாக உண்டாக்கிக்கொண்டது. மீன் இருந்த இடத்தைச் சோற்றால் நிரப்பிவிட்டேன். முன்பு இரண்டு துண்டு மீன் இருந்தால் ஒரு தட்டுச் சோறு போதும். இப்போது சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. நாலு மணிக்கெல்லாம் வயிறு கபகபவென்று பசிக்கும். டீக்கடையில் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி. இரண்டு மாதத்தில் 3 கிலோ ஏறினேன்.

ஒரு கைப்பிடிப் பருப்பில் நாலு பேருக்குச் சாம்பார் வைக்கிற வீடு எங்களுடையது. அதில் என் தட்டுக்கு வருகிற பருப்பு எவ்வளவு இருக்கும்? ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் சொல்லும் கணக்கு. என் 72 கிலோவுக்கு 60 கிராம் வருகிறது. நான் அதில் பாதியாவது சாப்பிட்டிருப்பேனா என்பது சந்தேகம்.

கைகொடுத்தது அக்கா வீட்டுக் கொலு. நவராத்திரியில் ஒன்பது நாளும் அவள் கொடுத்தனுப்பிய சுண்டலை யோசித்துப் பார்த்தேன். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை, பச்சைப்பயறு. இதை ஏன் வருஷத்தில் ஒன்பது நாளோடு நிறுத்த வேண்டும்? காய்ந்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. தினம் மாலை ஒரு கிண்ணம் என்று ஆரம்பித்தேன். பஜ்ஜி தானாக நின்றது.

முதல் வாரம் வயிறு மத்தளம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரரை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ராத்திரி ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்து, தாளிப்பில் பெருங்காயமும் இஞ்சியும் சேர்த்த பிறகு அடங்கியது. அளவையும் மெதுவாகத்தான் கூட்ட வேண்டும். நான் எடுத்த எடுப்பில் பெரிய கிண்ணமாகச் சாப்பிட்டேன், அதன் பலன்.

பருப்பிலும் யூரிக் அமிலம் ஏறும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். பயறு பருப்பு அந்த அளவுக்குத் தொல்லை தராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரையும் சேர்ந்து, போன மாதம் 6.1.

நீங்கள் மாறியபோது என்ன நடந்தது? எழுதுங்கள்.

வைகைக்கரை:

நான் தோற்ற கதையைச் சொல்கிறேன். நாலு மாதம் தாக்குப்பிடித்தேன். ஐந்தாம் மாதம் குலசாமி கோயிலில் கிடா வெட்டு. பந்தியில் உட்கார்ந்து, "எனக்கு ரசம் மட்டும் போதும் பெரியப்பா" என்றேன். வாளியும் கையுமாக நின்ற பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "சாமிக்கு வெட்டுனதை வேணாங்கிறியாடா?" அடுத்த நிமிடம் இலையில் இரண்டு எலும்புத் துண்டு விழுந்தது. சாப்பிட்டேன். ருசியாகவும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் கறி. என்னைச் சைவக் கணக்கில் சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் இஷ்டம்.

ஒசாகாவாசி:

வைகைக்கரைக்குப் பெரியப்பா என்றால் எனக்கு ஒரு கிண்ணம் சூப்.

வேலைக்காக ஜப்பான் வந்த மூன்றாம் மாதம் சைவத்துக்கு மாறினேன். புத்தர் கோயில்கள் நிறைந்த நாடு, சோயா பனீரான டோஃபு பிறந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு, இதைவிட வசதி எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன். ஆபீஸ் பக்கத்துக் கடையில் தினமும் சோறு, டோஃபு, சோயாவைப் புளிக்கவைத்த மிசோவில் செய்யும் சூப். ஆறு வாரம் இப்படியே ஓடியது. ஒரு நாள் பொரித்த டோஃபு வாங்கினேன். அதன் மேல் மரச்சீவல் மாதிரி இளம் பழுப்பில் ஏதோ தூவியிருந்தார்கள், சூட்டில் அது நெளிந்து நெளிந்து ஆடியது. அழகாக இருக்கிறதே என்று கூட வந்தவரிடம் கேட்டேன். "கட்சுவோபுஷி" என்றார். உலர்த்திப் புகைபோட்ட சூரை மீனைச் சீவியது. கிட்டத்தட்ட நம்முடைய மாசிக் கருவாடு. அதைக் கொதிக்கவைத்து எடுக்கும் 'தாஷி'தான் மிசோ சூப்புக்கும் அடிப்படையாம். ஆறு வாரமாகக் காலையும் மாலையும் மீன் சாறு குடித்திருக்கிறேன்!

"நிகு இல்லாமல்" என்று கேட்பதும் பயன்படவில்லை. நிகு என்றால் இறைச்சி, மீன் அதில் சேராது. காய்கறி ராமென் நூடுல்ஸ் என்று படம் போட்டிருந்தாலும் சாறு பன்றி எலும்பிலோ கோழியிலோ வந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கிறது. இப்போது கோம்பு என்கிற கடற்பாசியையும் காய்ந்த ஷிடாகே காளானையும் ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு நானே தாஷி எடுத்துக்கொள்கிறேன். கோயாசான் மலையில் துறவிகள் சமைக்கும் 'ஷோஜின் ரியோரி' சாப்பாட்டிலும் இதே வழிதான். ஒசாகாவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் போல ஆகும். அங்கே ஒரு கோயிலில் தங்கிய ராத்திரி எள்ளு டோஃபு, மலைக் கீரை, காளான் வதக்கல், சூப் என்று எதையும் யாரிடமும் கேட்காமல் சாப்பிட்டேன். அந்த நிம்மதிக்காகவே வருஷம் ஒரு முறை போகிறேன்.

ஸ்காபரோ செல்வி:

முத்துநகர் அண்ணா, உங்கட அம்மாவின் "குழம்பை மட்டும் ஊத்திக்கோ"வை வாசிச்சுச் சிரிச்சு முடியேல்லை. நாங்கள் யாழ்ப்பாணம். எங்கட வீட்டில் மீன், இறைச்சி சமைக்கிற மச்சச் சட்டி வேற, மரக்கறிச் சட்டி வேற. அகப்பையும் வேற. நல்லூர்க் கந்தசாமி கோயிலில் கொடி ஏறினால் திருவிழா முடியும்வரை 25 நாளும் மச்சச் சட்டியைக் கழுவி அடுப்படி மூலையில் கவிழ்த்துவிடுவா அம்மா. சட்டி மாறினால் வாய்க்கும் மாறிவிடும் என்பது அவவின்ர எண்ணம். கனடா வந்து முழு மரக்கறிக்கு மாறியபோது நான் முதலில் செய்ததும் அதுதான், இரண்டு சட்டி புதுசாய் வாங்கினது. வெறும் பழக்கம் எண்டு நினைக்கலாம். ஆனால் பழைய சட்டியைச் சூடாக்கினால் ஒரு மணம் வரும் பாருங்கோ, அது ஆசையைக் கிளப்பாமல் விடாது.

இங்கை மகள் பள்ளிக்கூடத்தில் இருந்து கொண்டுவந்த மார்ஷ்மலோவில் ஜெலட்டின் இருக்கு எண்டு மூன்று மாதம் கழிச்சுத்தான் பார்த்தேன். மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பிலிருந்து எடுக்கிறது. இனிப்பு எண்டால் மரக்கறிதானே எண்டு நினைச்சது என் பிழை.

சிறுவாணி:

ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேனுங்க. நான் பாலையும் சேர்த்து விட்டவன். மூணு வருஷம் நல்லாத்தான் இருந்தேன். அப்புறம் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி, செருப்புக் கழன்றுகூடத் தெரியாத அளவுக்கு மரத்துப்போச்சு. சர்க்கரை என்று நினைத்துச் சோதித்தால் சர்க்கரை இல்லை. கடைசியில் பார்த்தால் பி12 வைட்டமின் வெறும் 130. பால், தயிர், முட்டை எடுத்தால் கொஞ்சம் கிடைக்கும், செடிகொடியிலிருந்து நம்பி எடுக்கிற மாதிரி கிடைக்காது. கல்லீரலில் சேமிப்பு இருக்கிறதால் குறை வெளியே தெரிய வருஷக்கணக்கு ஆகுமாம். அதனால்தான் புதுசாக மாறியவர்களுக்கு இது உறைப்பதில்லை. ஊசி போட்டு, இப்போது மாத்திரை. பெருவிரல் மட்டும் இன்னும் முழுசாகத் திரும்பவில்லைங்க. கீரையும் பயறும் சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தையும் டாக்டர் மாற்றச் சொன்னார், இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாதாம். அதற்குப் பதில் எலுமிச்சம்பழம் பிழியச் சொன்னார்.

முத்துநகர்:

சிறுவாணி, நாளைக்கே பி12 பார்க்கிறேன். பெருவிரல் என்றாலே எனக்குப் பயம்.

மீல்மேக்கர் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, பிழிந்து, குளிர்ந்த நீரில் அலசி மறுபடி பிழிய வேண்டும். ஒரு தடவையோடு விட்டால் அந்தச் சோயா வாடை போகாது. காய்ந்த 50 கிராமில் சுமார் 26 கிராம் புரதம். ஆனால் கறி மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்து வாயில் வைக்காதீர்கள், அந்த எதிர்பார்ப்பில்தான் பாதிப் பேர் தூக்கிப் போடுகிறார்கள். மீன் வறுவல் ஞாபகம் வந்தால் சேனையைப் புளித்தண்ணீரில் அரை வேக்காடு வேகவைத்து, அதே மீன் மசாலா தடவித் தோசைக்கல்லில் போட்டெடுப்பேன். மொறுமொறுவென்று வரும்.

செல்வி தங்கை எழுதிய சட்டி விஷயத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போனவள் சின்னதாக ஒரு மண்சட்டி வாங்கி வந்தாள். மாங்காயும் முருங்கைக்காயும் போட்டு, மீன் குழம்புக்கு அரைக்கிற அதே தேங்காய் மசாலாவில் எனக்கென்று வைக்கப் போகிறாளாம். சட்டி இன்னும் பழகவில்லை. மூன்று நாளாக அரிசி கழுவிய தண்ணீர் அதில் கொதித்துக்கொண்டிருக்கிறது.