லயன்ஹெட் + லாப் க்ராஸ்: புது முயல் இனம்னு ஷோவுல வைக்கலாமா?

கானாடுகாத்தான்_முயல்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பழைய வீட்டு ரெண்டாங்கட்டுல முயல் வளக்குறேன், கறிக்கு இல்ல அழகுக்கு (ஊர்ல யாரு வந்தாலும் மொதல்ல கிலோ என்ன வெலன்னு தான் கேக்குறாங்க). மாசி மாசம் லயன்ஹெட் (சிங்கம் மாதிரி பிடரி உள்ள இனம்) ஆணையும் ஹாலண்ட் லாப் (காது தொங்குற குட்டை இனம்) பொட்டையையும் சேத்தேன், சரியா 31ஆம் நாள் ஆறு குட்டி. அதுல ரெண்டு மத்ததுல பாதிகூட இல்ல, தலை மட்டும் பெருசு, காது மிளகு சைஸ், மூணாம் நாள் காலையில கூட்டுப்பெட்டியைத் தொறந்தா ரெண்டும் செத்துக் கெடக்கு. தாய்க்குப் பால் பத்தலையோன்னு இன்னும் மனசு ஆறல. மீதி நாலுக்கும் பிடரி வந்துருச்சு, ஆனா காது தொங்கல, ரெண்டுக்கு நேரா நிக்குது, ஒண்ணுக்கு ரெண்டு பக்கமும் விரிஞ்சிருக்கு, இன்னொண்ணுக்கு ஒரு காது மேல ஒரு காது கீழ. பிடரியும் தொங்கு காதும் சேந்த குட்டை முயல் உருவாக்கி செட்டிநாட்டு முயல்னு பேரு வெச்சு ஷோவுல நிறுத்தணும்னு ஆசை. அடுத்து என்ன செய்யணும்?

கல்லல்காரன்:
தம்பி, அந்த ரெண்டு குட்டிக்கு நீங்களும் காரணம் இல்ல, தாய்ப்பாலும் காரணம் இல்ல. அதை வளக்குறவங்க பீனட்னு சொல்லுவாங்க. லயன்ஹெட், ஹாலண்ட் லாப் ரெண்டுலயும் குட்டை ஜீன் ஓடுது, அது ஒரு பக்கம் மட்டும் வந்தா அழகான குட்டை முயல், அப்பன் ஆத்தா ரெண்டு பக்கமும் வந்துட்டா பொழைக்கவே பொழைக்காது. ரெண்டும் குட்டையா இருந்தா கணக்குப்படி நாலுல ஒண்ணு இப்படிப் போகும். இதைத் தவிர்க்க ஒரே வழி, கூடப்பொறந்ததுல உடம்பு பெருசா, குட்டை ஜீன் இல்லாம வளருதே அந்தப் பொட்டைய வித்துடாதீங்க. ஷோவுக்கு ஆகாது, ஆனா குட்டை ஆணோட சேத்தா பீனட் வராது, பாதிக் குட்டி குட்டையா வரும். எங்கிட்ட நல்ல குட்டி எல்லாம் போட்டது அப்படி ஒரு பெரிய பொட்டைதான்.

பிடரிக்கு ஒரு ஜீன் போதும், அதான் எல்லாத்துக்கும் வந்திருக்கு. ஆனா ஒரு ஜீன்ல மட்டும் வந்த பிடரி பல முயலுக்கு வயசானா கொட்டிரும், இப்ப பாத்து மயங்காதீங்க. அண்ணன் தங்கச்சிய உடனே சேக்காம, நல்ல பிடரி உள்ள பொட்டைய ஒறவில்லாத வேற லாப் ஆணுக்குப் போடுங்க, காது அப்பதான் எறங்கும்.

தேவகோட்டை_ஆச்சி:
காது பத்தி நான் ஒண்ணு சொல்றேன் தம்பி, இதை யாரும் கவனிக்கிறதில்ல. வெயில்ல வளர்ற குட்டிக்குக் காது நீளமா வளரும், குளிர்ல வளர்றதுக்குக் கொஞ்சம் குட்டையா நிக்கும், உடம்புச் சூட்ட காது வழியாத்தான் அது வெளிய விடுது. அதனால பங்குனியில பொறந்த குட்டிக்குக் காது சாஞ்சிருக்கு, மார்கழிக் குட்டிக்கு சாயலன்னா, பரம்பரையா இல்ல நம்ம ஊரு வெயிலான்னு தெரியாமலே தேர்ந்தெடுத்துருவீங்க. ஒவ்வொரு குட்டிக்கும் பொறந்த தேதி, அப்பன் ஆத்தா, எட்டாம் வாரத்து எடை, காது எந்த வாரம் எறங்குச்சு எல்லாம் நோட்டுல எழுதுங்க. நான் பழைய கணக்கு நோட்டுல பக்கத்துக்கு ஒரு முயல்னு எழுதுறேன்.

இன்னொண்ணு, கத்திரி வெயில்ல ஜோடி சேக்காதீங்க. 32 டிகிரி தாண்டி நாள் கணக்கா இருந்தாலே ஆண் முயலுக்கு விந்து கெட்டுப்போகும், திரும்பச் சரியாக ரெண்டு மாசம் பிடிக்கும். ரெண்டாங்கட்டு நல்ல எடம், தடிமனான சுவரு, ஆத்தங்குடிக் கல்லு சில்லுன்னு இருக்கும், மத்தியானம் கூண்டை விட்டு எறக்கி விட்டா கல்லுல வயித்த ஒட்டிப் படுத்துக்கும். ஆனா ஈரக் கல்லுல விடாதீங்க, பாதத்துல புண்ணு வரும்.

மானகிரி_பண்ணை:
ஷோ பத்தி வெளிப்படையா சொல்றேன், மனசு ஒடைய வேண்டாம். பிடரி வெச்ச குட்டை லாப் இங்கிலாந்துல ஏற்கனவே இருக்கு, மினியேச்சர் லயன் லாப்னு பேரு. ஹாலண்ட் லாப்பயே அட்ரியான் டி காக் 1949ல ஆரம்பிச்சு நெதர்லாந்துல 1964ல தான் அங்கீகாரம் வாங்கினாரு, 15 வருஷம். அமெரிக்க முயல் சங்கம் ஆர்பாவுல புது இனத்தை மாநாட்டுல நிறுத்தி மூணு தடவை தேறணும், லயன்ஹெட்டுக்கே அங்க 2014ல தான் கெடச்சுது. அதனால இப்ப வெச்சிருக்கறது க்ராஸ், இனம் இல்ல. ஒரே மாதிரியான ஜோடிய சேத்தா தலைமுறை தலைமுறையா ஒரே மாதிரி குட்டி வரணும், அப்பதான் இனம். அதுவரைக்கும் ஷோவுல கலப்புன்னு உள்ளதைச் சொல்லியே நிறுத்துங்க.

ஆனா நம்ம ஊருக்குன்னு ஒண்ணு பண்ணலாம். சித்திரை வெயில் கழிஞ்சதும் சேத்தா பொட்டைக்குச் சினை பிடிக்க வைக்கிற ஆண், நல்லா தின்னு எடை கொறையாத பொட்டை, இத மட்டும் தேர்ந்தெடுத்துப் பத்து வருஷம் போனா அது குளிர் நாட்டுக்காரன் கிட்ட இல்லாத முயல். அதுக்கு நீங்க வெச்ச பேரு சரியாத்தான் இருக்கும்.

கானாடுகாத்தான்_முயல்:
ரொம்ப நன்றி அண்ணே, நன்றி ஆச்சி. அந்த ரெண்டு குட்டி விஷயம் தெரிஞ்சதும் நெஞ்சு லேசாச்சு. பெருசா வளர்ற பொட்டை ஒண்ணு இருக்கு, ஒருத்தர் கேட்டாரு, நாளைக்குக் குடுக்க இருந்தேன், இப்பவே போன் போட்டு இல்லன்னுட்டேன். ஒறவில்லாத லாப் ஆண் புதுக்கோட்டை, மதுரைப் பக்கம் யாருகிட்டயாவது இருந்தா சொல்லுங்க, ஆவணியிலதான் சேப்பேன்.