ராக்கம்மா எங்கே முடிகிறது? பிடித்த ஆல்பங்களும் ஏமாற்றிய ஆல்பங்களும்

லயத்து வீட்டுக்காரன்:

அம்மா வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்யப் போனேன். பழைய கேசட் பெட்டி கையில் சிக்கியது. சுத்தம் செய்தது போதும் என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாதி கேசட்டில் பூஞ்சணம். இருந்தாலும் எதையும் தூக்கிப்போட மனசு வரவில்லை. பிடித்த ஆல்பம், காசு போச்சே என்று புலம்ப வைத்த ஆல்பம் இரண்டையும் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கும் இருக்கும், எழுதுங்கள்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்; அங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைதான். பக்கத்து வீட்டு மாமா தூங்கினால்தான் எங்கள் வீட்டில் பாட்டு நிற்கும். நமக்குப் பிடித்ததை நாமே தேர்ந்தெடுத்துக் கேட்பதெல்லாம் ரொம்பப் பின்னால் வந்த சொகுசு.

நாங்களே காசு கொடுத்து வாங்கி எனக்கு நினைவு தெரிந்த முதல் கேசட் 'தளபதி'. 1991. அப்பா சம்பளம் வாங்கிய வாரம், பசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் ஒரிஜினல் விலையில் பாதிக்கு வாங்கி வந்தார். அட்டையில் ரஜினி முகம் நீலமாக இருக்கும். நகல் எடுத்த அட்டை அல்லவா! அதில் முதல் பக்கத்துக் கடைசிப் பாட்டு 'ராக்கம்மா கையத் தட்டு'. எஸ்.பி.பி.யும் ஸ்வர்ணலதாவும் ஏறிக்கொண்டே போவார்கள், வயலின்கள் துரத்திக்கொண்டு வரும், திடீரென்று 'டக்'. நாடா முடிந்துவிடும். பாட்டே அங்கேதான் முடிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரேடியோவிலும் அறிவிப்பாளர் அந்த இடத்துக்குள் எப்படியும் பேச ஆரம்பித்துவிடுவார். எங்கள் வீட்டில் வீடியோ கிடையாது, படமும் பார்த்ததில்லை.

அதே வருஷங்களில் வெள்ளிக்கிழமை தோறும் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் எங்களுக்குத் தேவார வகுப்பு. 'குனித்த புருவமும்' மனப்பாடம். அப்பர் எந்த நினைப்பில் பாடினாரோ, நாங்கள் சுண்டல் நினைப்பில்தான் பாடுவோம். ஒரே ராகம், ஒரே இழுவை.

நாலு வருஷம் கழித்து டவுனில் ஒரு கல்யாணம். மண்டபத்து ஸ்பீக்கரில் 'ராக்கம்மா' ஓடுகிறது. 'டக்' வரவேண்டிய இடம் தாண்டிப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் பெண்கள் குரலில் 'குனித்த புருவமும்' வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், யாரோ கோயில் கேசட்டை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து ஸ்பீக்கர்காரர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் பாட்டுக்குப் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த கூட்டாளி சொன்னான், "எப்பவும் இருக்கறதுதானடா அது." நான் கையில் சோறு, வாய் திறந்தபடி. உயிரைக் கொடுத்துப் பிடித்த பாட்டு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது முக்கால் பாட்டைத்தான்.

இன்றைக்கும் முழுப் பாட்டையும் கேட்கும்போது அந்த இடத்தில் மனசுக்குள் ஒரு 'டக்' விழும். சுண்டல் வாசனையும் வரும். அந்த ஆல்பத்தை நான் நடுநிலையோடு மதிப்பிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சொல்லலாம்: படத்தில் சேர்க்காமல் விட்ட 'புத்தம் புது பூ பூத்ததோ'தான் அதில் எனக்கு முதல் இடம். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

ஏமாற்றத்துக்கு வருகிறேன். 'எந்திரன்'. 2010 ஜூலை 31ஆம் தேதி புத்ராஜெயாவில் பாட்டு வெளியீடு. நம் நாட்டில்! சென்னையில் நடப்பதைப் பேப்பரில் பார்த்தே பழகியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம். அழைப்பு எல்லாம் நமக்கு ஏது, சிடி வந்ததும் ஈப்போ லிட்டில் இந்தியாவுக்கு ஓடினேன். திரும்பி வரும்போது காரிலேயே போட்டேன். 'புதிய மனிதா'வில் எஸ்.பி.பி. குரல் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் என்னவோ ஆயிற்று. எல்லாப் பக்கமும் மின்னுகிறது, ஆனால் பிடித்துத் தொங்க ஒரு கிளை இல்லை. 'அரிமா அரிமா' பிரம்மாண்டம்தான், இரண்டாம் தடவைக்கே களைத்துப்போனேன். 'காதல் அணுக்கள்' மட்டும் ஒட்டியது. 'பூம் பூம் ரோபோடா'வில் நம் யோகி பி குரல் கேட்டதும் ஸ்டீயரிங்கைத் தட்டிக் கத்தினேன். அது வழியில் இருக்கும் செம்மோர் வருவதற்குள் முடிந்துபோனது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து போடலாமா என்று யோசித்தேன். போடவில்லை.

யோகி பி என்றதும் 'வல்லவன்' ஞாபகம். 2006. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ். நட்சத்திரா என்று பெயர் வைத்துக்கொண்டு நம் ஆட்கள் தமிழில் ராப் ஆல்பம் போட்டார்கள். இது பிடிக்கும் என்று சொல்வது போதாது. டவுன் மோட்டார்க் கடை, கோழிக்கடை, பள்ளிக்கூட பஸ், எங்கே போனாலும் 'மடை திறந்து'. சென்னைப் பேச்சை இரவல் வாங்காத பாட்டு. நம் பையன்கள் பேசுகிற வேகம் அதில் இருந்தது.

அப்பாவுக்குப் பிடிக்கவே இல்லை. அவருக்கு அந்தப் பாட்டு 1980இல் 'நிழல்கள்' படத்தில் இளையராஜா போட்டு எஸ்.பி.பி. பாடியதோடு முடிந்த விஷயம். காரில் போட்டபோது "நல்லா இருந்த வீட்டை இடிச்சுக் கடை கட்டிட்டானுங்க" என்றார். சரி, நிறுத்திவிடலாம் என்று கையை நீட்டினால், "ஓடட்டும் விடு" என்கிறார். ராப் ஓடிக்கொண்டே இருக்க, அதன் மேலேயே அப்பா பழைய பாட்டின் இடையிசையை 'தன தன' என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார். இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை.

கேசட் கடை அண்ணன்:

தம்பி, உங்கள் 'டக்'குக்கு நான் விளக்கம் சொல்கிறேன். நானும் சுங்கை சிப்புட்தான். 1993லிருந்து ஒன்பது வருஷம் டவுனில் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தேன்.

பசாரில் விற்றதெல்லாம் அறுபது நிமிட நாடா. ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். 'தளபதி'யில் ராக்கம்மாவும் சுந்தரியும் ஆளுக்கு ஏழு நிமிடம். பதிவு செய்கிறவன் கணக்குப் பார்த்து அடுக்கினால் எல்லாம் முழுசாக அடங்கும். அவன் எங்கே பார்த்தான்? நாடா தீர்ந்த இடத்தில் வெட்டி, மறுபக்கம் திருப்பிவிடுவான்.

ஏமாற்றிய ஆல்பம் எது என்று என்னைக் கேட்டால், என் காதைவிடக் கடைக்குத் திரும்பி வந்த கேசட்டுகள் நல்ல சாட்சி. பாட்டு பிடிக்கவில்லை என்று சொல்லி யாரும் கேசட்டைத் திருப்பித் தர முடியாது. அதனால் எல்லாரும் ஒரே பொய்யைச் சொல்வார்கள்: "அண்ணே, நாடா சிக்குது." நான் வாங்கிக் கண்ணாடிக்குள் பார்ப்பேன். நிஜமாகவே சிக்கின கேசட்டில் நாடா கசங்கியிருக்கும், எந்த இடத்திலும் நிற்கும். பிடிக்காத கேசட் சுத்தமாக இருக்கும். முதல் பக்கத்தில் மூன்றாம் பாட்டு அளவுக்கு நாடா வலது உருளைக்குப் போய் அங்கேயே நின்றிருக்கும். அதற்கு மேல் ஆள் கேட்கவில்லை என்று அர்த்தம். பிடித்த கேசட் என்றால் ஓரத்து எழுத்தெல்லாம் விரல் பட்டு அழிந்திருக்கும், அதைத் திருப்பித் தரவும் யாரும் வரமாட்டார்கள்.

2002இல் 'பாபா' வந்தபோது முதல் இரண்டு நாள் கல்லாவை மூட நேரமில்லை. 'முத்து', 'படையப்பா' கேட்டவர்கள் அல்லவா, அதே சூட்டோடு வந்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து 'நாடா சிக்குது' ஆரம்பித்தது. எனக்கு அந்த ஆல்பத்தில் 'சக்தி கொடு' பிடிக்கும். ஆனால் படையப்பா மாதிரி லோரியில் போட்டுக்கொண்டு போக அதில் எதுவும் இல்லை என்று ஒரு டிரைவர் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரே ஒருவர் மட்டும் உண்மையான காரணம் சொன்னார். இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்'. 1986இல் வந்தது, எங்கள் கடையில் ரொம்ப நாளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ராஜா பெயரைப் பார்த்து வாங்கிப் போனவர் மறுநாளே வந்துவிட்டார். "தம்பி, இதுல பாட்டே பதிவாகலே. வெறும் மியூசிக்தான் ஓடுது." அது வாத்திய இசைதான் அண்ணே, பாக் என்ற ஐரோப்பிய இசைக்காரருக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாகச் செய்தது என்று சொல்லிப் பார்த்தேன். "அவங்களுக்குக் காணிக்கை சரி, எனக்குப் பாட்டு எங்கே?" என்றார். மாற்றிக் கொடுத்தேன். அந்தக் கேசட்டை நானே எடுத்துக்கொண்டேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்படித்தான் 'இருவர்' ஆல்பமும் எனக்குக் கிடைத்தது. 1997இல் 'மின்சார கனவு' பறக்கிறது, பக்கத்திலேயே 'இருவர்' தூசு பிடிக்கிறது. என் கணக்கில் ரகுமான் போட்டதில் அதுதான் உச்சம். 'நறுமுகையே' ஒரு பக்கம், 'ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி' இன்னொரு பக்கம், ஒரே ஆள் போட்டது என்றால் நம்ப முடியுமா? கடையில் போட்டால் மட்டும் முதலாளி "வியாபாரத்தைக் கெடுக்காதே" என்பார்.

வெள்ளிக்கிழமை அக்கா:

எங்கள் காலத்தில் ஆல்பம் என்ற வார்த்தையே கிடையாது. படப்பாட்டுதான். நான் கித்தா வெட்டியவள், அதாவது ரப்பர் பால் எடுத்தவள். காலையில் மரத்துக்கு மரம் ஓடும்போது வாயில் பாட்டு இருக்கும், கையில் கத்தி இருக்கும்.

எனக்குப் பிடித்த ஆல்பம் நானே செய்தது. முழுக்க மலேசியா வாசுதேவன். ரேடியோ முன்னால் காத்திருந்து ஒவ்வொன்றாகப் பிடித்தேன். 'கோயில் மணி ஓசை' தொடங்கும்போது அறிவிப்பாளர் நேரம் சொல்வார், 'பூங்காற்று திரும்புமா' நடுவில் என் பெரிய மகன் அழுவான். இங்கே பிறந்து அங்கே போய் ஜெயித்தவர் என்று எங்களுக்கு அவர் மேல் தனி உரிமை. 2011 பிப்ரவரியில் அவர் போன செய்தி வந்தபோது அந்தக் கேசட்டைத்தான் போட்டேன். மகனுக்கு அப்போது முப்பது வயது. தன் அழுகையைத் தானே கேட்டுச் சிரித்தான்.

ஏமாற்றம் என்று சொல்லலாமா தெரியவில்லை, இதையும் எழுதுகிறேன். மாமனார் பதினாறாம் நாள் காரியத்தில் ஓதுபவர் வரத் தாமதம். அண்ணன் மகன், "ராஜா சார் திருவாசகம் இருக்கு அத்தை" என்று சிடியைப் போட்டான். 2005இல் புடாபெஸ்ட் இசைக்குழுவை வைத்துச் செய்தது. 'பூவார் சென்னி மன்னன்' தொடங்கியதும் வீடே நிமிர்ந்தது, அவ்வளவு கம்பீரம். அப்புறம் 'பொல்லா வினையேன்'. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தோம். நடுவில் இங்கிலீஷ் வந்தது. மூலையில் இருந்த பெரியவர் கண்ணைத் திறக்காமலே, "யாருப்பா சேனலை மாத்தினது?" என்றார். காரிய வீட்டில் சிரிக்கக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

தனியாகக் கேட்டால் அது பெரிய வேலைதான். ஆனால் திருவாசகத்துச் சிவபுராணத்தை வெள்ளிதோறும் கூட்டமாக ஓதிப் பழகியவர்களுக்கு, சேர்ந்து பாட அதில் இடமே இல்லை. என் குறை அவ்வளவுதான்.

பட்டர்வொர்த் மருமகன்:

எந்திரனைக் குறை சொன்னவர் முதலில் கார் ஸ்பீக்கரை மாற்றவும். இரும்பிலே ஒரு இருதயம் கேட்டீர்களா, கேட்டீர்களா? நல்ல ஹெட்போனில் போட்டுக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

லயத்து வீட்டுக்காரன்:

மருமகனே, கேட்டேன். ஹெட்போனில் இன்னும் நன்றாக மின்னுகிறது. கிளை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

கடை அண்ணே, நீங்கள் சொன்னதைப் படித்ததும் பெட்டியை மறுபடி திறந்து ஒவ்வொரு கேசட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'தளபதி'யில் முதல் பக்கத்து எழுத்து ஒன்றுகூட இல்லை, இரண்டாம் பக்கம் நேற்று வாங்கியது போல இருக்கிறது. 'நிழல்கள்' நடுவில் எங்கேயோ நிற்கிறது. நாடா கசங்கவில்லை. எந்தப் பாட்டில் நிற்கிறது என்று போட்டுப் பார்க்கலாம் என்றால், அப்பா எட்டிப் பார்த்து, "அது என் கேசட், வச்சிடு" என்கிறார்.

அதுவும் இல்லாமல் கேசட் போடுகிற ரேடியோவில் பெல்ட் இளகிப் பிசுபிசுவென்று ஒட்டிக் கிடக்கிறது. ஈப்போ பக்கம் இதை இன்னும் மாற்றித் தருகிறவர் யாராவது இருக்கிறார்களா அண்ணே?