வாட்ஸ்அப்பால் பையனின் தமிழ் கெடுகிறதா?

வில்லாபுரத்துக்காரன்:
பையன் ஒன்பதாவது படிக்கிறான், தமிழ் வழிதான். காலாண்டுத் தேர்வுத் தாளை வாங்கிப் பார்த்தால் கட்டுரை முழுக்கச் சிவப்பு வட்டம். வாழையை 'வாளை' என்று எழுதியிருக்கிறான், பள்ளியில் பல்லி ஓடுகிறது, ர-வா ற-வா என்ற கவலையே இல்லை. ஆனால் போனில் இரண்டு கட்டைவிரலும் பறக்கிறது, எல்லாம் ஆங்கில எழுத்தில் அடிக்கிற தமிழ். போனைப் பிடுங்கி வையுங்கள் என்கிறார்கள் வீட்டில். பிடுங்கினால் சரியாகிவிடுமா? வாத்தியார்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

உசிலம்பட்டி வாத்தியார்:
'வாளை'க்குப் போனைக் குற்றம் சொல்லாதீர்கள். நம் பக்கத்து வாயில் ழகரம் எப்போது இருந்தது? கடைத்தெருவில் வாளப்பளம்தான், பெய்வதும் மளைதான். செல்போன் வராத காலத்திலும் இதே பிழையைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். வாய் விட்டதைக் கண்தான் பிடிக்க வேண்டும். பேப்பர், சுவரொட்டி, பஸ் போர்டு என்று சரியான எழுத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் கை தானாக எழுதும். ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ல-வுக்கும் ள-வுக்கும் ஒரே எழுத்து, ந, ன, ண மூன்றுக்கும் ஒன்றே. எதைப் போடுவது என்று யோசிக்கிற வேலையே அவனுக்கு இல்லை. கெடுதல் அங்கேதான்.

ஹாஸ்டல் பையன்:
ஐயா, நீங்களாவது போனைத் திட்டவில்லை, நன்றி. கோவென்ட்ரி பல்கலைக்கழகத்தில் 10 முதல் 12 வயது வரையுள்ள 88 பிரிட்டன் பிள்ளைகளை வைத்து ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். குறுஞ்செய்தியில் சுருக்கங்களை அதிகம் கலந்த பிள்ளைகள் சொற்களை வாசிப்பதிலும் மேலாகத்தான் இருந்தார்கள். பரீட்சைத் தாளில் எவனும் 'ஓகே டா' என்று எழுதுவதில்லை, எங்கே எப்படி எழுதுவது என்று எங்களுக்கும் தெரியும்.

உசிலம்பட்டி வாத்தியார்:
ஆய்வு சரி தம்பி. ஆனால் சுருக்கத்தால்தான் வாசிப்பு வளர்ந்தது என்று அது நிரூபிக்கவில்லை, இரண்டும் சேர்ந்து இருந்தன, அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தை ஆங்கில எழுத்திலேயே சுருக்கினார்கள், அதற்குச் சொல்லின் ஒலியைக் காதில் பிரித்துப் பார்க்க வேண்டும், அதுவே ஒரு பயிற்சி. நம் பிள்ளைகள் எழுத்தையே மாற்றிவிடுகிறார்கள். அந்த முடிவை அப்படியே உசிலம்பட்டிக்குத் தூக்கி வர முடியாது.

மேலூர் பத்திரம்:
சுருக்கி எழுதுவது என்ன நேற்று வந்ததா? வீட்டில் தாத்தா காலத்துப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, மேற்படிக்கு ௸. எழுதினவர்களுக்குத் தமிழ் மறந்தா போச்சு?

சிம்மக்கல் டிடிபி:
கல்யாணப் பத்திரிகை மேட்டர் எனக்கு இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில்தான் வருகிறது. அனுப்புகிறவர்கள் பிள்ளைகள் இல்லை, ஐம்பது வயதுத் தாய்மாமன்கள். பாலமா பழமா, பட்டியா பாட்டியா என்று போன் போட்டுக் கேட்டுத்தான் அடிக்கிறேன், உறவுக்காரர் பெயரில் ஒரு கால் விட்டுப்போனால் பந்தியில் சண்டை. இந்தப் பழக்கம் பட்டன் போன் காலத்தில் வந்தது. ஆங்கில எழுத்து என்றால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 போகும், தமிழ் என்றால் 70தான், அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'மீனாட்சி' நமக்கு நாலு எழுத்து, போனுக்கு எட்டு. பல போனில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அப்போது அது நியாயம். வாட்ஸ்அப்பில் அந்தக் கணக்கெல்லாம் கிடையாதே.

வில்லாபுரத்துக்காரன்:
சரி, போனைப் பிடுங்கவில்லை. தமிழில் அடிக்கச் சொன்னால் அவன் வாய்ஸ் அனுப்பித் தப்பிக்கிறான். என்ன செய்யலாம்?

சிம்மக்கல் டிடிபி:
அப்பத்தாவுக்கு வாய்ஸ் அனுப்பட்டும், உங்களுக்கு எழுத்தில் வந்தால்தான் பதில் என்று சொல்லிவிடுங்கள் அண்ணே. தமிழ்99 விசைப்பலகை போட்டுக் கொடுங்கள். அதில் ல, ள, ழ தனித்தனி விசை, க-வை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே வந்து 'க்க' ஆகிவிடும், கை பழகினால் வேகம்தான். ஆங்கிலத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தருகிற விசைப்பலகை மட்டும் வேண்டாம். அதில் ழ-வைப் போனே பார்த்துப் போட்டுவிடும், பையன் பழையபடி ஒரே எழுத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.