ப்ரெடிக்‌ஷன் எரர்: பிழையா, வழுவா, பிசகா?

மடல் 1 – கோவை

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஒரே ஒரு சொல்லுக்காக மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். பேனிக் அட்டாக் (திடீரென்று வந்து உடம்பையே உலுக்கும் திகில்) வருபவர்களுக்கென்று ஒரு சிறு கையேட்டைத் தமிழில் எழுதுகிறேன். அதில் பக்கத்துக்கு இரண்டு தடவை ‘ப்ரெடிக்‌ஷன் எரர்’ வருகிறது. ‘முன்கணிப்புப் பிழை’ என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு அது ஒட்டவில்லை.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் ராத்திரி கரண்ட் போயிருந்தபோது மாடியிலிருந்து இறங்கினேன். இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை விட்டேன். படி இல்லை, தரை வந்துவிட்டது. பாதம் ‘தொம்’மென்று மோதி, முட்டிவரை அதிர்ந்து, ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. நான் படிகளை எண்ணிக்கொண்டு வரவில்லை. ‘இன்னும் ஒன்று’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆனாலும் உடம்பு ஒரு படியை எதிர்பார்த்து, அதற்குத் தேவையான அளவு முழங்காலை மடக்கி, எடையைச் சாய்த்துத் தயாராக இருந்திருக்கிறது. தயாராக இருந்தது ஒன்று, வந்தது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பதற்குத்தான் பெயர் வேண்டும்.

மூளை நாள் முழுக்க இந்த வேலையைத்தான் செய்கிறது. அடுத்து என்ன வரும் என்று பழக்கத்தை வைத்து முன்கூட்டியே தயாராகிறது, வந்ததைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. பார்வையைப் பற்றி ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இப்படிச் சொன்னார். நம் ஊரில் அதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை: அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இந்தச் சொல்லை உரசிப் பார்க்க நல்ல உரைகல் நரம்பியலாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் குரங்குச் சோதனைகள். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு வாயில் விழுந்தால் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பு சட்டென்று எகிறுகிறது. சாற்றுக்கு முன்னால் ஒரு விளக்கு எரிவது வழக்கமாகிவிட்டால், அந்தத் துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிடுகிறது. சாறு வரும்போது ஒன்றுமே இல்லை, தெரிந்த கதைதானே! அப்புறம் விளக்கை எரியவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் நிறுத்தினால், சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்குகிறது. ஷுல்ட்ஸ், டயான், மான்டேகு மூவரும் 1997இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். ஆக, ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. எதிர்பாராத சாறு கிடைத்தால் அதில் யார் செய்த பிழை?

‘பிழை’ எனக்கு ஒட்டாததற்குச் சொந்தக் காரணமும் இருக்கிறது. சில வருடம் முன்பு பேருந்தில் ஏறினாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை மரத்துப்போகும். ஒரு மருத்துவமனையில் எல்லாச் சோதனையும் எடுத்து முடித்த பிறகு மருத்துவர் சொன்னார்: “இதயத்துல ஒண்ணுமில்லம்மா, உங்க மூளைதான் தப்பாக் கணிக்குது.” அறிவியலாக அவர் சொன்னது சரி. ஆனால் தேர்வில் தோற்றவளைப் போலத்தான் அன்று வீட்டுக்கு வந்தேன். என் மூளை தப்பு செய்தால் அந்தத் தப்பு யாருடையது?

‘முன்கணிப்பு’ம் இடிக்கிறது. தேர்தல், ஜாதகம், பங்குச்சந்தை எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. நோயின் போக்கைச் சொல்வதற்கும் அதையே எழுதுகிறார்கள். ‘கணிப்பு’ என்றாலே யாரோ உட்கார்ந்து கணக்குப் போடுவதாகத் தோன்றுகிறது. இருட்டில் இறங்கிய என் முழங்கால் எந்தக் கணக்கும் போடவில்லை. ‘எதிர்பார்ப்பு’ என்றால் ஆசை கலந்துவிடுகிறது. யோசனை சொல்லுங்கள்.

*

மடல் 2 – யாழ்ப்பாணம்

அக்கா, வணக்கம்.

எங்கள் பக்கம் ‘எதிர்வுகூறல்’ என்று ஒரு சொல் நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. “இன்று மாலை மழை பெய்யும் என வளிமண்டலவியல் திணைக்களம் எதிர்வுகூறியுள்ளது” என்று செய்தியில் கேட்டுக்கேட்டே வளர்ந்தோம். எரருக்கு ‘வழு’ என்போம். பௌதிகவியல் வகுப்பில் சிறு நீளங்களை அளக்கும் வேணியர் இடுக்கியைக் கையில் எடுத்தவுடன் முதலில் பார்ப்பதே ‘பூச்சிய வழு’வைத்தான். தாடைகள் இரண்டும் முட்டி நிற்கும்போது அளவு பூச்சியத்தைக் காட்டாவிட்டால், அது எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, வாசிப்பில் கூட்டியோ கழித்தோ வேலையைப் பார்ப்போம். அதற்காக ஒருவரும் ஏச்சு வாங்கியதில்லை. கூட்டவும் கழிக்கவும் கூடியது என்பதால் உங்கள் குரங்குக்கும் பொருந்தும். ‘எதிர்வுகூறல் வழு’ எப்படி?

*

மடல் 3 – திருநெல்வேலி

அம்மா, தம்பி, இருவருக்கும் வணக்கம்.

முப்பது வருடம் இலக்கணம் நடத்தியவனுக்கு ‘வழு’ என்றதும் காது நிமிர்ந்துவிட்டது. வழு, வழாநிலை, வழுவமைதி என்று மூன்று உண்டு. குற்றம்தான், ஆனாலும் போகட்டும் என்று பெரியவர்கள் ஏற்றுக்கொண்டால் அது வழுவமைதி. அம்மா கேட்பது குற்றம் என்ற பேச்சே இல்லாத சொல்லை. வழுவுக்குள் குற்றம் இருக்கிறது. போதாக்குறைக்கு, கணினிக்காரர்கள் நிரலில் வரும் ‘பக்’ என்ற பூச்சிக்கும் அதையே வைத்துவிட்டார்கள்.

தம்பியின் ‘எதிர்வுகூறல்’ நல்ல சொல். அதில் ‘கூறல்’ மட்டும் நமக்கு வேண்டாம். மூளை யாரிடமும் எதையும் கூறவில்லையே! வெட்டிவிட்டால் மிஞ்சுவது ‘எதிர்வு’. இது நான் கட்டிய சொல் இல்லை. “இறப்பெதிர்வு நிகழ்வெனக் காலம் மூன்றே” என்று நன்னூலிலேயே இருக்கிறது. இலக்கணத்தில் வருங்காலத்துக்குப் பெயர் எதிர்வு. மூளைக்குள் இப்போதே வந்து உட்கார்ந்திருக்கும் வருங்காலத்துக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்? குறள் 429ஐயும் எடுத்துப் பாருங்கள்: “எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு இல்லை அதிர வருவதோர் நோய்.” முதலடியில் எதிர்வு இருக்கிறது, இரண்டாம் அடியில் அம்மாவின் படிக்கட்டு அதிர்ச்சி இருக்கிறது. வள்ளுவருக்கு டோபமின் தெரியும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். சொல்லுக்குச் சான்று காட்டுகிறேன், அவ்வளவுதான்.

எரருக்கு ‘பொய்ப்பு’ என்று வைக்கலாமே. மழை பொய்த்தது, கணிப்பு பொய்த்தது என்கிறோம். ‘எதிர்வுப் பொய்ப்பு’. ஓசையும் நன்றாக இருக்கிறது.

*

மடல் 4 – பெங்களூரு

அக்கா, ஐயா,

நரம்பியல் படிக்கும் மாணவன். ‘எதிர்வு’க்கு என் ஓட்டு. ‘பொய்ப்பு’ வேண்டாம் ஐயா, அது ஆம்/இல்லை என்ற இரண்டே நிலையில் நிற்கிறது. எங்களுக்கு அளவு வேண்டும். உளவியலாளர்கள் ரெஸ்கோர்லாவும் வாக்னரும் 1972இல் கொடுத்த சமன்பாட்டில் வந்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழிக்கிறோம். மீதி பெரிதாக இருந்தால் அதிகம் கற்கிறோம், பூச்சியமாக இருந்தால் ஒன்றும் கற்பதில்லை. கேமின் என்ற உளவியலாளர் எலிகளில் காட்டியதும் அதைத்தான். ஓர் ஒலி கேட்டால் ஷாக் அடிக்கும் என்று முன்பே பழகிய எலிக்கு, பிறகு ஒலியோடு விளக்கையும் சேர்த்துக் காட்டி ஷாக் கொடுத்தால், அது விளக்கைப் பற்றிப் பெரிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஷாக் வரும் என்பதுதான் ஒலியிலேயே தெரிந்துவிட்டதே!

அதனால் ‘எதிர்வு வேறுபாடு’ என்று வைத்தால் என்ன? தேர்வில் எழுதினால் புரியும்.

*

மடல் 5 – கோவை

ஐயா, தம்பிமார்களே,

மூன்று பேருக்கும் நன்றி. ‘எதிர்வு’ முடிவாகிவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன். எதிர்வு தவறும், எதிர்வு மாறும், எதிர்வைப் பழக்கலாம் என்று வினைகளோடு இயல்பாகச் சேருகிறது. நான்கெழுத்துச் சொல்லைப் படிவத்தில் நுழைப்பதும் சுலபம்.

‘பொய்ப்பு’க்கு மாணவத் தம்பி சொன்ன தடை போக இன்னொன்றும் உண்டு. பேனிக் வருபவர்கள் வீட்டில் அடிக்கடி கேட்பது “நடிக்கிறா”, “சும்மா சொல்றான்”. அவர்கள் கையில் போய் ‘பொய்’ என்று தொடங்கும் காகிதத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘வேறுபாடு’ சரியான சொல்தான், ஆனால் அதில் எதுவுமே நடக்கவில்லை. இரண்டு பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சொல் அது. படிக்கட்டில் எனக்கு ஒன்று நடந்தது.

அன்று கீழே என் அம்மா கேட்டது: “என்ன, கால் பிசகிடுச்சா?”

பிசகு! கால் பிசகும், கணக்கு பிசகும், தாளம் பிசகும். இதில் தாளத்தைக் கவனியுங்கள். அடுத்த தட்டு எந்தக் கணத்தில் விழும் என்று உடம்பே காத்திருப்பதால்தான் பிசகுவது காதில் உறைக்கிறது. சாறு வராத குரங்குக்கும் சரியாக அந்தக் கணத்தில்தான் துடிப்பு இறங்கியது. பிசகுக்கு அளவும் உண்டு, ‘கொஞ்சம் பிசகு’ என்கிறோம். கூடுதல் குறைவு வேண்டுமென்றால் ‘மிகைப் பிசகு’, ‘குறைப் பிசகு’ என்று வைத்துக்கொள்ளலாம். எதிர்பாராத சாறு மிகைப் பிசகு, வராத சாறு குறைப் பிசகு. “ஒரு பிசகு வந்தாலும் தோலை உரிச்சிடுவேன்” என்று மேலாளர்கள் மிரட்டும் சொல்லும் இதுதான், மறுக்கவில்லை. ஆனால் கால் பிசகியவரை யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை, ஓடிப்போய்த் தூக்கிவிடுகிறார்கள். எனக்கு அது போதும்.

இந்தச் சொல் போய் உட்காரப்போகும் இடத்தையும் சொல்கிறேன். பேனிக் எப்படி ஊதிப் பெருகுகிறது என்று உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் விளக்கினார். மாடி ஏறியதில் நெஞ்சு அடிக்கிறது, அதை மாரடைப்பின் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறோம், பயம் வருகிறது, பயத்தில் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது, ‘பார்த்தியா, சொன்னேன்ல’ என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. எதிர்வு தனக்கு வேண்டிய சான்றைத் தானே தயாரித்துக்கொள்கிறது. உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பேரட் இன்னும் ஒரு படி மேலே போய், உணர்ச்சிகள் எல்லாமே இப்படி உருவாகிறவைதான் என்கிறார். உடம்புக்குள்ளிருந்து வரும் சேதிக்கு, பழகிய அனுபவத்தை வைத்து மூளை போடும் பொருளே பயம், கோபம், பூரிப்பு என்பது அவர் வாதம். பயத்துக்கும் கோபத்துக்கும் பிறவியிலேயே தனித்தனிச் சுற்றுகள் உண்டு என்பவர்கள் இதை ஒப்பவில்லை. அந்தச் சண்டை கையேட்டுக்கு வேண்டாம். படபடப்புக்கு மூளை போடும் பொருள் மாறக்கூடியது என்பது மட்டும் போதும்.

மாற்றுவதற்கான பயிற்சியில் ஒரு தாள் இருக்கிறது, மூன்று கட்டம் போட்டது. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் முதல் கட்டத்தில் ‘என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?’ என்பதற்கு எழுதச் சொன்னார். ‘மயங்கி விழுவேன், 100க்கு 90’ என்று எழுதினேன். அப்புறம் ஒரு மெல்லிய ஸ்ட்ராவைக் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் அதன் வழியாக மட்டும் மூச்சு விடச் சொன்னார். (ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக்கூடாது. கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.) இருபது வினாடியில் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது, உதடு மரத்தது, பேருந்தில் வரும் அதே திகில். நிமிடம் முடிந்தபோது ஸ்ட்ராவின் நுனி கடிபட்டுச் சப்பையாகியிருந்தது. நான் நாற்காலியில்தான் இருந்தேன். இரண்டாம் கட்டத்தில் ‘விழவில்லை, வியர்த்தது’ என்று எழுதினேன்.

மூன்றாவது கட்டத்துக்குத்தான் தலைப்பு வேண்டும். ‘பிழை எவ்வளவு?’ என்று கேட்டால் மதிப்பெண் பட்டியல் மாதிரி இருக்கிறது. ‘பிசகு எவ்வளவு?’ என்று கேட்டால் எண்பது, தொண்ணூறு என்று கூச்சமில்லாமல் எழுதலாம். பெரிய எண் வந்தால் அன்றைக்கு நல்ல பாடம் என்று அர்த்தம். மாணவத் தம்பியின் சமன்பாடு சொல்வதும் அதைத்தானே? மிஷெல் கிராஸ்கே போன்ற உளவியலாளர்கள் பயத்துக்கான சிகிச்சையை இப்படித்தான் அமைக்கச் சொல்கிறார்கள்: பயம் தணியும்வரை காத்திருப்பதைவிட, நடக்கும் என்று நினைத்தது நடக்காததைக் கண்கூடாகப் பார்க்க வைப்பது.

முதல் தடவை என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் செய்தேன். விழாததற்கான பெருமை முழுவதும் அந்தக் கைக்கே போய்விட்டது. பிசகு ஏறக்குறைய பூச்சியம், பாடமும் பூச்சியம். மேலே சொன்ன 90 எல்லாம் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டுச் செய்தபோது வந்தது. பையில் வைத்திருக்கும் தண்ணீர் பாட்டிலும் மாத்திரை அட்டையும்கூட இந்தத் திருட்டுத்தனம் செய்யும்.

அடுத்த தலைவலியையும் இங்கேயே இறக்கிவைக்கிறேன். ‘எக்ஸ்டிங்ஷன்’: எதிர்பார்த்தது நடக்காமலே போகப்போக, பழகிய பயம் அடங்குவது. ‘அழிவு’, ‘அணைதல்’ என்று எழுதுகிறார்கள். ஆனால் பழைய பயம் அழிவதில்லை. அடங்கிய பழக்கம் சில காலம் கழித்துத் தானாகத் தலை காட்டுவதைப் பாவ்லோவே தம் நாய்களில் பார்த்தார். உளவியலாளர் மார்க் பூட்டனின் சோதனைகளில், பயம் அடங்கிய இடத்தை விட்டு வேறு இடத்துக்கு மாற்றினாலே அது திரும்பி வந்தது. பழைய எதிர்வு கீழே அப்படியே கிடக்கிறது, புதிய எதிர்வு அதன்மேல் படிகிறது. ‘அழிந்துவிட்டது’ என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஆறு மாதம் கழித்து வேறு ஊர்ப் பேருந்தில் அது திரும்பி வந்தால், அந்த ஆள் நம்மையும் நம்பமாட்டார், தன்னையும் நம்பமாட்டார்.

நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதிலிருந்து ‘நீறுபூத்தல்’ என்று எடுத்தால் பொருந்துமா? ஐயாதான் சொல்ல வேண்டும். மூன்று கட்டத் தாளை வியாழக்கிழமைக்குள் குழுவுக்கு அனுப்பிவிடுகிறேன். மூன்றாவது கட்டத்தில் இப்போதைக்குப் ‘பிசகு’ என்றே போட்டிருக்கிறேன்.