ஊர் வீட்டில் நிற்கும் வேகன் ஆர் மிஸ்ஸிங் அடிக்கிறது: நானே கை வைக்கலாமா, பட்டறைக்கே விட்டுவிடலாமா?

கோட்டையூர் பேரன்:

வணக்கம். 2013 வேகன் ஆர், பெட்ரோல், 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வண்டி நிற்பது கோட்டையூரில் எங்கள் பழைய வீட்டுக் கார் கொட்டகையில், நான் இருப்பது பெங்களூரில். பொங்கல், கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று வருடத்தில் நாலைந்து தடவை வந்தால் எடுப்பதோடு சரி, மற்ற நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் வைப்பார்.

இந்தத் தடவை எடுத்தால் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது) வண்டியே உதறுகிறது, குன்றக்குடி போகிற வழியில் இழுவையே இல்லை, என்ஜின் விளக்கும் எரிகிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு இரண்டாவது சிலிண்டர் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பாகம்) போச்சு என்று மாற்றி 2,400 ரூபாய் வாங்கினார்கள். மறுநாளே பழைய குருடி கதவைத் திறடி. திரும்பப் போனால், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் மூன்றையும் கழற்றிக் கிளீன் செய்யணும், அதிலும் சரிவராவிட்டால் ஈ.சி.எம். (என்ஜினின் கம்ப்யூட்டர்) பார்க்கணும், 14,000 வரை ஆகலாம் என்கிறார்கள். "ஆகலாம்" என்ற சொல்லுக்கு 14,000 எடுத்துக் கொடுக்க மனசு வரவில்லை.

எங்கள் அப்பச்சி அம்பாசடர் வைத்திருந்த காலத்தில் வழியில் வண்டி நின்றால் பிளாட்டினத்தை (அந்தக் கால வண்டிகளில் தீப்பொறிக்கான தொடுப்பு முனை) உப்புத்தாளில் தேய்த்து மாட்டிவிட்டு மதுரை வரை போய் வந்துவிடுவார். என் அனுபவமோ வீடியோ பார்த்து இரண்டு தடவை ஆயில் மாற்றியது மட்டும்தான். ஸ்பேனர் செட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். கை வைக்கலாமா, இல்லை மதுரைக்கு ஓட்டிப்போய் ஸ்பெஷலிஸ்ட் யாரிடமாவது விட்டுவிடலாமா?

மூணு சிலிண்டர்:

முதலில் ஒன்று, இப்படி மிஸ்ஸிங்கோடு, அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல், மதுரைக்கு ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும், அதன் விலைக்கு முன்னால் உங்கள் 14,000 ஒன்றுமே இல்லை. என்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் கண் சிமிட்டினால் ஓரமாக நிறுத்திவிடவே வேண்டும்.

வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் குற்றக் குறியீட்டை (கோட்) படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, ஃபோனில் புளூடூத்தில் பார்க்கலாம், தெரிந்தவர்களிடம் இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர் எரியவில்லை என்று அர்த்தம். ஏன் எரியவில்லை என்று அது சொல்லாது, அங்கேதான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுவது. உங்கள் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில். இரண்டாவதில் இருப்பதைக் கழற்றி ஒன்றாவதில் மாட்டுங்கள், ஒன்றாவதில் இருந்ததை இங்கே. ஸ்கேனரில் அந்தக் குறியீட்டை அழித்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். பி0301 என்று மாறினால் குற்றம் காயிலோடு போயிருக்கிறது, காயில்தான் கெட்டது. அப்படியே பி0302 என்று நின்றால் காயில் நல்லது. அடுத்து ஸ்பார்க் பிளக்கையும் இதே மாதிரி இடம் மாற்றிப் பாருங்கள். செலவு சுழியம், ஒரு மணி நேர வேலை. இதைச் செய்யாமல் இன்ஜெக்டரைக் கழற்ற விடாதீர்கள்.

பட்டறைக்காரன், தேவகோட்டை:

மேலே சொன்னது சரிதான், ஆனால் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். தம்பி, பிளக்கை என்ஜின் நன்றாக ஆறின பிறகு கழற்று. சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டில் திருகினால் மரை கையோடு வந்துவிடும். போன மாதம் ஒருத்தர் வீடியோ பார்த்து பிளக் மாற்றி, கோணலாக ஏற்றி, அது மேலே இறுகுது என்று இன்னும் பலமாக முறுக்கி, கடைசியில் வண்டியைக் கட்டி இழுத்து என்னிடம் வந்தார். ஹெட்டில் புது மரை போட்டுக் கொடுத்தேன். 500 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போனவர். பிளக் தலையில் ஒரு ரப்பர் ஓஸ் துண்டைச் செருகி விரலால் சுற்று, கோணலாக ஏறினால் ஓஸே வழுக்கும், ஹெட்டுக்கு ஒன்றும் ஆகாது. கை நின்ற பிறகுதான் ஸ்பேனர்.

இன்னொன்று, எல்லாரும் எங்களைத் திட்டுகிறீர்கள். குற்றத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அதற்குக் கூலி கேட்கக் கூடாது, பார்ட்ஸ் மாற்றினால் மட்டும் பணம் தருவோம் என்றால், பார்ட்ஸ் மாற்றுகிற பட்டறைதான் உங்களுக்கு வாய்க்கும். உங்களிடம் காயில் மாற்றியவர்கள் இடம் மாற்றிப் பார்க்கவே இல்லை என்று தெரிகிறது, அது தப்பு, நானும் ஒத்துக்கொள்கிறேன். பழைய காயிலைக் கையில் கேட்டு வாங்கினாயா?

பிளக், காயில், ஏர் ஃபில்டர், பேட்டரி, வைப்பர் இதெல்லாம் வீட்டிலேயே பார். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் வயர் பக்கம் போகாதே. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதே, தலை ஒன்றுதான்.

புதுவயல் ஆச்சி:

பூட்டின வீட்டுக் கொட்டகை, அதுவும் நம் ஊர். எலி பார்த்தாயா தம்பி? எங்கள் பக்கம் ரைஸ் மில் நிறைய, எலிக்குப் பஞ்சமே இல்லை. எங்கள் வண்டியில் ஹெட்லைட் வயரைக் கடித்து வைத்து, நாங்கள் பல்பு பல்பாக மாற்றிக்கொண்டிருந்தோம். பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்.

கோட்டையூர் பேரன்:

ஆச்சி, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

நேற்று சாயங்காலம் முகப்பில் பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பி உட்கார்ந்தேன். காயிலை மாற்றிப் போட்டேன், பி0302. என்ஜின் ஆறும்வரை காத்திருந்து ஓஸ் துண்டு வைத்துப் பிளக்கையும் மாற்றினேன், அப்போதும் பி0302. அப்புறம்தான் டார்ச். ஏர் ஃபில்டர் டப்பா ஓரத்தில் ஒரு கைப்பிடி வேப்பங்கொட்டை, கந்தல் துணி, பஞ்சு, அம்சமாகக் குடித்தனமே நடந்திருக்கிறது. இரண்டாவது காயிலுக்குப் போகும் வயரில் கனெக்டருக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம், உறை போய்ச் செம்பு தெரிகிறது, ஒன்று இரண்டு இழையில் தொங்குகிறது. புதுக் காயில் மாட்டும்போது ஆட்டியதில் கொஞ்ச நேரம் தொடுப்பு கிடைத்திருக்கும், அதனால்தான் ஒரு நாள் ஓடியிருக்கிறது. பழைய காயிலைக் கேட்டேன், குப்பையில் போட்டுவிட்டார்களாம்.

வயரை முறுக்கி டேப் சுற்றிவிடலாமா அண்ணே?

பட்டறைக்காரன், தேவகோட்டை:

வேண்டாம். சூட்டில் டேப் பசை இளகிக் கழன்றுவிடும், என்ஜின் அதிர்வில் முறுக்கும் விடும், தை மாதம் மறுபடி இதே கதை. காரைக்குடியில் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள், வயரை ஈயத்தால் பற்றவைத்து ஹீட் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கி இறுகும் உறை) போடச் சொல். வேலையைக் கண்ணால் பார்த்துக் கூலி கொடு. அதற்கு முன்னால் பெட்ரோல் ஓஸில் பல் தடம் இருக்கிறதா பார், இருந்தால் சாவியே போடாதே. அப்புறம், ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பதால் பேட்டரிக்குப் பிரயோஜனம் இல்லை, அந்த அண்ணனை வாரம் ஒருமுறை பள்ளத்தூர் வரை போய்த் திரும்பச் சொல்.

கோட்டையூர் பேரன்:

ஓஸ் நன்றாக இருக்கிறது. எலக்ட்ரீஷியன் வீட்டுக்கே வந்தார், முக்கால் மணி நேரம், 450 ரூபாய். வண்டி பஞ்சு மாதிரி ஐடிலில் நிற்கிறது, கல்யாணத்துக்கு இதில்தான் போகிறோம். பானட்டுக்குள் புகையிலை கட்டி வைத்தால் எலி வராது என்கிறார், உண்மையா ஆச்சி?

புதுவயல் ஆச்சி:

வாசனை இருக்கிற வரை கொஞ்சம் ஒதுங்கும், அப்புறம் அதன் மேலேயே படுத்துத் தூங்கும். கொட்டகைக் கதவுக்கு அடியில் இருக்கிற இடுக்கை முதலில் அடை.